வன்னியில் சபை முளைப்பதும் நிலைப்பதும்

ஓமந்தையிலிருந்து பரந்தன்வரை ஏ9 வீதியால் போகிறவர் வன்னியின் கிறிஸ்தவத்தில் ஒரு பகுதியைத்தான் பார்க்கிறார். வீதியோரம் நிற்பவை பழைய பங்குகளின் ஆலயங்கள். போரில் கூரை பறந்து, சுவர் சல்லடையாகி, மறுபடி எழுந்தவை. மற்றப் பகுதியைக் காண வீதியை விட்டு இறங்கி, குளக்கட்டையும் வாய்க்காலையும் தாண்டி, மீள்குடியேற்றக் கிராமங்களுக்குள் போகவேண்டும். வீட்டுத்திட்டத்து வீடொன்றின் விறாந்தை, அதோடு சேர்த்து இறக்கிய தகரக் கொட்டகை, விரித்த பாய்கள், சில பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு ஒலிபெருக்கி. ஞாயிறு காலையில் அதுதான் சபை. 2009க்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இப்படிப்பட்ட சபைகள் வேகமாக முளைத்தன. முளைத்தவற்றில் சில வேர்பிடித்தன. சில, போதகர் வேறு ஊருக்கு மாறியதோடு அல்லது வெளியிலிருந்து வந்த உதவி நின்றதோடு, பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவிட்டு மறைந்தன. முளைப்பதற்கும் நிலைப்பதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை நம்முடைய திருச்சபைகள் போதிய அளவு யோசிக்கவில்லை. சபை நாட்டுதல் பற்றிப் பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொரியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கையேடுகள் வருகின்றன. ஆண்டுக்கு எத்தனை ஞானஸ்நானம், எத்தனை புதிய குழு என்று அவை கேட்கின்றன. இந்த மண்ணில் இதற்கு முன் சபைகள் எப்படி நின்றன, எப்படி விழுந்தன என்ற கேள்வி அவற்றில் இல்லை. அந்தக் கேள்விக்கு முந்நூற்றைம்பது வருடத்துச் சாட்சி வன்னிக் காட்டிலேயே இருக்கிறது.

அந்தச் சாட்சியைப் படித்தால் எனக்குத் தெரிவது இது: வன்னியில் நிலைத்த சபை ஒவ்வொன்றும், குருவோ போதகரோ பணமோ இல்லாத காலத்தில் ஊர்ச்சனமே தூக்கிச் சுமந்த சபை. வெளியார் கட்டி, வெளியார் கூலி கொடுத்து, வெளியார் கணக்கெடுத்த சபை, அந்தக் கை எடுபட்டதும் சரிந்தது. இதை நான் வன்னியின் எல்லைக் கோடுகளுக்குள் மட்டும் நின்று சொல்லப்போவதில்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார் இருக்கிறது, கிளிநொச்சியோ யாழ்ப்பாணத்தோடு போகிறது. கத்தோலிக்க மறைமாவட்டக் கணக்கில் வவுனியா மன்னாரோடும், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணத்தோடும் சேர்கின்றன. காட்டுக்கும் சனத்துக்கும் அந்தக் கோடுகள் தெரியா.

முதல் சாட்சி மடு. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் விழுந்தது. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. 1670 அளவில், மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தைச் சில குடும்பங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கின என்றும், யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களோடு மருதமடுவில் சேர்ந்தார்கள் என்றும் மடுத் தலத்தின் மரபு சொல்கிறது. அந்தக் காட்சியை ஒரு தரம் நினைத்துப் பார்க்கவேண்டும். குருவானவர் இல்லை. பூசை இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. பிள்ளை பிறந்தால் ஊரிலுள்ள பெரியவர் ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்திருப்பார். யாராவது செத்தால் தெரிந்த செபத்தைச் சொல்லிப் புதைத்திருப்பார்கள். கோவாவிலிருந்து சூசை வாஸ் முனிவர் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1687இல். 29 ஆண்டுகள். ஒரு தலைமுறை முழுதும் குருவைக் காணாமல் வளர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்றிருக்கிறது. அப்படியிருந்தும் அவர் வந்தபோது அழிந்துபோன சபையைத் தேடவேண்டி இருக்கவில்லை. இரவில் கதவைத் தட்டினால் திறப்பதற்கு ஆள் இருந்தது.

வாஸ் முனிவர் அதற்குப் பிறகு செய்ததைத்தான் இன்றைய சபை நாட்டுநர் ஒவ்வொருவரும் ஊன்றிப் பார்க்கவேண்டும். அவரும் அவருக்குப் பின் கோவாவிலிருந்து வந்த ஓரத்தோரியன் சபைக் குருமாரும் மிகச் சிலர். அவர்கள் சுற்றவேண்டிய நிலமோ தீவு முழுவதும். எனவே ஊருக்கு ஊர் ஒரு மூப்பரையும் ஓர் அண்ணாவியாரையும் நியமித்தார்கள். மூப்பர் கோயிலையும் சனத்தின் ஒழுங்கையும் பார்த்தார். அண்ணாவியார் செபம் சொல்லிக்கொடுத்தார், பிள்ளைகளுக்கு மறையறிவு ஊட்டினார், குரு இல்லாத நாட்களில் சனத்தைக் கூட்டிச் செபம் நடத்தினார். குரு வருடத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோ வந்து திருவருட்சாதனங்களை நிறைவேற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். சபை இருந்தது அண்ணாவியாரின் கையில். அவர் அந்த ஊர்க்காரர். அந்த ஊரின் தோணியிலோ வயலிலோ பிழைத்தவர். கூத்துப் பழக்குபவருக்கும் கோயிலில் செபம் சொல்லிக்கொடுப்பவருக்கும் நம் கரையோரத் தமிழில் ஒரே பெயர் வந்தது தற்செயல் இல்லை. சனத்துக்குப் பாட்டையும் வசனத்தையும் மனத்தில் ஏற்றுபவரைத்தான் சனம் அண்ணாவி என்றது. சூசை வாஸ் 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது நோயாளிகளை மதம் பார்க்காமல் பராமரித்தார். அதன் பிறகு அரசனின் ஆதரவு இன்னும் கூடியது. 1711இல் கண்டியிலேயே இறந்தார். பாப்பரசர் பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக அறிவித்த 2015 ஜனவரி 14ஆம் திகதியே மடுவுக்கும் வந்தார். அந்த இரண்டும் ஒரே நாளில் அமைந்தது எவ்வளவு பொருத்தம் என்பதை அன்று எத்தனை பேர் யோசித்தார்களோ.

இதற்கு நேரெதிரான சாட்சியும் அதே காலத்தில் அதே நிலத்தில் இருக்கிறது. ஒல்லாந்தர் தங்கள் சீர்திருத்தத் திருச்சபையைக் கோயிற்பற்றுக் கோயிற்பற்றாக நாட்டினார்கள். ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே வளவில் இருந்தன. பள்ளி உபாத்தியாயர் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தார். தோம்பில் பெயர் இல்லாதவருக்குக் காணி உரிமையிலும் உத்தியோகத்திலும் சிக்கல். பொருளாசையாலும் பயத்தாலும் சனம் வரிசையாக வந்து பெயர் பதிந்தது. வீட்டில் விபூதியும் விளக்கும் அப்படியே இருந்தன. ஏட்டுக் கணக்கில் அது இலட்சத்தைத் தொட்ட பெரிய சபை. 1795–96இல் ஆங்கிலேயர் வந்து, பெயர் பதியாவிட்டாலும் குற்றமில்லை என்று ஆனது. பத்தே ஆண்டில், 1806இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த ஆங்கிலிக்கக் குரு குளோடியஸ் புக்கானன் கண்டவை ஆளில்லாத ஆலயங்கள். ஒல்லாந்தரால் தடைசெய்யப்பட்ட கத்தோலிக்க சபையோ காட்டுக்குள்ளும் கரையோரத்திலும் உயிரோடு இருந்தது. ஒரே அரசு, ஒரே சனம், ஒரே நூற்றைம்பது ஆண்டு: பலன் கொடுத்து நாட்டிய சபை போனது, தண்டனைக்குப் பயந்தும் விடாத சபை நின்றது. இதைவிடத் தெளிவான ஒரு பரிசோதனையை எந்த ஆய்வாளராலும் திட்டமிட்டு நடத்த முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த அமெரிக்க மிஷனும் இந்தக் கேள்வியைத் தொட்டது. 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கி, வட்டுக்கோட்டை செமினரியையும் உடுவில் பெண்கள் பாடசாலையையும் எழுப்பிய மிஷன் அது. அதன் தலைமைச் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் நேரில் வந்து பார்த்தார். தன்னைத்தான் ஆளும், தன்னைத்தான் தாங்கும், தன்னைத்தான் பெருக்கும் சபை என்ற கொள்கைக்கு இங்கிலாந்தில் ஹென்றி வென்னோடு சேர்த்து நினைக்கப்படுபவர் அவர். அவருடைய வருகையை ஒட்டி செமினரி மூடப்பட்டது. ஊர்ச் சபைகளைத் தமிழ்ப் போதகரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று அழுத்தப்பட்டது. செமினரி மூடியது சரியா என்பது இன்றும் விவாதம். நான் அதைத் தவறென்றே கருதுகிறேன், தங்கள் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வேண்டும் என்று யாழ்ப்பாணத்தார் விடாமல் நின்றதால்தான் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆனால் சபையின் பொறுப்பு ஊராருடையது என்ற விதை அப்போது விழுந்தது, விளைந்தும் காட்டியது. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்துத் தமிழ்நாட்டுத் தொண்டிக்கு மிஷனரி அனுப்பினார்கள். 1902இல் யாழ்ப்பாணம் வந்த வே. ச. அசரியா அதைக் கண்டு, நாம் ஏன் இதைச் செய்யவில்லை என்ற கேள்வியோடு திருநெல்வேலி திரும்பினார். அடுத்த ஆண்டே இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பின்னர் 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கலுக்கெனக் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றவர் அவர்தான். வெள்ளைக்காரர் அனுப்ப நாம் வாங்குவது என்ற ஓட்டத்தைத் திருப்பிய அந்தத் தூண்டுதல் ஈழத்திலிருந்து போனது.

அந்த மிஷன்களின் பார்வை வன்னிமீது ஆழமாக விழவில்லை. மலேரியாவும் தூரமும் சனம் ஐதாக இருந்ததும் காரணம். குளங்கள் திருத்தப்பட்டு, 1930களில் கிளிநொச்சியிலும் பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்றும் குடியேற்றத் திட்டங்கள் வந்தபோது யாழ்ப்பாணத்தின் காணியற்ற குடும்பங்கள் இறங்கின. கத்தோலிக்கர் தங்கள் சொரூபத்தையும் திருநாளையும் கொண்டுவந்தார்கள். மற்றத் திருச்சபைகள் பின்னால் வந்தன. இன்னொரு கூட்டம் வேறு வழியால் வந்தது. 1958, 1977, 1983 என்று வன்செயல்கள் அடித்துத் துரத்த, மலையகத் தமிழர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் காந்தியம் இயக்கம் அவர்களுக்கு நிலம் காட்டிக் குடியிருத்தியது. அவர்களுடைய கிராமங்கள் வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் கடைசியாக வரும் இடத்தில். பழைய திருச்சபைகளின் கவனமும் அங்கே கடைசியாகத்தான் போனது. புதிய சபைகள் எங்கே அடர்த்தியாக முளைத்தன என்று பார்த்தால் இந்தக் கடைசி வாய்க்கால் கிராமங்களில்தான். ‘மந்தையைத் திருடுகிறார்கள்’ என்று பழைய சபையார் குற்றம் சொல்லுமுன் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். யாரும் மேய்க்காத ஆட்டை ஒருவன் கூட்டிப் போனால் அதற்குத் திருட்டு என்று பெயர் வைப்பது நியாயமாகாது. பெந்தெகொஸ்தே ஊழியக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, குடிசைக்குள் குனிந்து நுழைந்து, தேநீர் வாங்கிக் குடித்து, நோயாளியின் தலையில் கைவைத்து ஜெபித்தபோது, அந்த வீட்டுக்கு அதற்கு முன் எந்த மேய்ப்பரும் வந்திருக்கவில்லை என்பதே பல இடங்களில் நிலைமை.

போர், எது சபை என்பதைத் தீயில் இட்டுக் காட்டியது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது வன்னிப் பங்குகள் நிரம்பி வழிந்தன. 1999 நவம்பரில் மடுத் தேவாலய வளாகத்தில் எறிகணை விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் அருட்தந்தை மரியாம்பிள்ளை சேவியர் கருணாரட்ணம் மாங்குளத்துக்கு அப்பால் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் மடு மாதாவின் சொரூபம் மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போனார், இன்றுவரை வரவில்லை. தங்கள் ஊர்க்காரரோடு பதுங்குகுழிக்குள் கிடந்த சிறு சபைப் போதகர்களும் இருந்தார்கள். அவர்களின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. வன்னிச் சனம் ஒரு குருவையோ போதகரையோ இன்று எடைபோடும்போது கேட்பது ஒன்றுதான்: அப்போது எங்கே இருந்தார்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் உள்ள சபைக்கு வேறு விளம்பரம் தேவைப்பட்டதில்லை.

பிறகு முகாம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் பகுதிகளுக்குக் கதிர்காமர், அருணாசலம், இராமநாதன், ஆனந்தகுமாரசுவாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். கம்பிவேலிக்குள் தறப்பாள் கொட்டில்களில் இலட்சக்கணக்கானவர்கள். 2012 செப்டெம்பரில் அது மூடப்படும்வரை, அங்கேயும் சனம் சிறு சிறு வட்டமாகக் கூடிச் செபித்தது. கட்டடம் இல்லை, பதிவு இல்லை, பல இடங்களில் போதகரும் இல்லை. மீள்குடியேற்றத்தோடு அந்த வட்டங்களே ஊர்களுக்குத் திரும்பின. வெளியில் இருந்து பார்த்தவர்கள் 2010க்குப் பிறகு வன்னியில் சபைகள் திடீரென்று முளைத்தன என்று நினைத்தார்கள். பல சபைகளின் பிறப்பு வேலிக்குள் நடந்தது. அதே நேரத்தில் வேறொன்றும் நடந்தது. நிவாரணத்தோடு சபையும் வந்தது. கிணறு, தையல் இயந்திரம், பிள்ளைக்குப் புத்தகப்பை, கோழிக்குஞ்சு. அவற்றைக் கொடுத்த கை ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தையும் கொடுத்தது. இதிலிருந்துதான் கசப்பு தொடங்கியது.

பசித்தவனுக்குச் சோறு கொடுப்பதே சுவிசேஷம் அல்லவா, அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்வது கிறிஸ்துவையே இரண்டாகப் பிளப்பதல்லவா என்று சிலர் கேட்பார்கள். அது கனமான கேள்வி, நேர்மையாகக் கேட்கப்படும் கேள்வி. சோறு கொடுக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கொடுக்காத சபை எனக்கு வேண்டாம். ஆனால் கணவனை இழந்து, காணாமற்போன மகனைத் தேடி, நுண்கடன்காரர் வாசலில் நிற்க வாழும் ஒரு தாய்க்கு, உதவி தருபவரின் முகத்தைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் சுதந்திரம் இருக்கிறதா என்பதே கேள்வி. வேண்டாம் என்று சொல்ல முடியாதவர் சொல்லும் ஆமென் அவருடையதாகாது. செஞ்சிலுவை இயக்கமும் உதவி நிறுவனங்களும் 1994இல் ஒப்புக்கொண்ட நடத்தை விதிக்கோவை, உதவியை எந்த மத நோக்கத்துக்கும் கருவியாக்கக் கூடாது என்கிறது. மதச்சார்பற்றவர்களின் விதி என்று அதைத் தள்ளவேண்டியதில்லை. ஒல்லாந்தர் தோம்பைப் படித்தவருக்கு அது திருச்சபைக்கே நல்ல மருந்து என்பது விளங்கும். சூசை வாஸ் அம்மை நோயாளிக்குக் கஞ்சி கொடுத்தபோது பெயர் பதியவில்லை. செய்யக்கூடிய ஒழுங்கு எளியது: உதவியைப் பங்கிடும் பட்டியலைச் சபை வைத்திருக்கக் கூடாது. கோயில் தருமகர்த்தாவும் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து பட்டியல் போடட்டும். சபை பணத்தையும் உழைப்பையும் கொடுக்கட்டும். ஞாயிறு வந்தவருக்கும் வராதவருக்கும் ஒரே கிணறு.

அடுத்தது ஊழியரின் சம்பளம். புதிய சபைகளில் பெரும் பலவீனம் இங்கேதான். போதகருக்கு மாதப்படி தருபவர் கொழும்பிலோ கடல் கடந்தோ இருக்கிறார். அவருக்கு அறிக்கை வேண்டும், படம் வேண்டும், எண்ணிக்கை வேண்டும். எனவே போதகரின் கண் தன் சபையைவிட அந்த அறிக்கையில்தான் நிற்கும். தீயவர் என்பதால் இல்லை, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வட சீனாவில் ஊழியம் செய்த றோலண்ட் அலன் 1912இலேயே இதைச் சுட்டினார்: பவுல் அப்போஸ்தலன் ஒரு பட்டணத்தில் மாதங்களோ ஒன்றிரண்டு வருடங்களோ இருந்து, அந்த ஊராரிலேயே மூப்பரை ஏற்படுத்தி, பணம் கொடுக்காமலும் வாங்காமலும் நகர்ந்தார், நம் மிஷன்களோ தலைமுறை தலைமுறையாக நகராமல் இருந்து சம்பளம் கொடுக்கின்றன என்று. வறுமைப்பட்ட வன்னிக் கிராமம் ஒரு போதகரை எப்படித் தாங்கும் என்று கேட்கலாம். முழுநேரப் போதகர் ஒருவரைத் தாங்கமுடியாதுதான். அதனால்தான் அண்ணாவியாரை மறுபடி நினைக்கச் சொல்கிறேன். பெரும்போகத்தில் வயல் செய்கிற, பாடசாலையில் படிப்பிக்கிற, கடலுக்குப் போகிற ஒருவர் வேதத்தைக் கற்று, ஊர்ச் சபையை நடத்தட்டும்; பட்டம் பெற்ற போதகர் பத்து ஊருக்கு ஒருவராகச் சுற்றிவந்து அவர்களைப் பயிற்றட்டும். அரிசிக் காணிக்கையும் தேங்காயும் போதுமான சபை, ஒரு டொலர் வராவிட்டாலும் அடுத்த ஞாயிறு கூடும்.

அந்த அண்ணாவி பெண்ணாக இருக்கவேண்டிய ஊர்கள் வன்னியில் நிறைய. போர் ஆண்களைத் தின்ற நிலம் இது. வீட்டுச் செபக் கூட்டத்தைக் கூட்டுவதும், நோயாளியைப் பார்ப்பதும், காணிக்கையைச் சேர்ப்பதும் பெண்கள். பீடத்தில் நிற்பது மட்டும் ஆண். போரில் நொறுங்கிய சியோலில் 1958இல் ஒரு கூடாரத்தில் தொடங்கிய யொங்கி சோவின் சபை, அவர் நோயில் விழுந்த 1960களில் பெண்களை வீட்டுக்குழுத் தலைவிகளாக்கியதால்தான் பெருகியது. அந்தச் சபையின் செல்வ உபதேசத்தையும் தனிமனிதத் தலைமையையும் நம் ஊழியக்காரர் விருப்பத்தோடு எடுத்துக்கொண்டார்கள். பெண்களிடம் பொறுப்பைக் கொடுத்த ஒரே நல்ல பாடத்தைத்தான் பலர் விட்டுவிட்டார்கள்.

சபை வளர்ச்சி என்றால் இன்றைக்கும் டொனால்ட் மக்காவ்ரன் பெயர் வரும். 1897இல் மத்திய இந்தியாவின் தமோவில் பிறந்தவர், அங்கேயே மிஷனரியாக இருந்தவர். சனம் தன் சாதியையோ மொழியையோ வர்க்கத்தையோ தாண்டாமல் கிறிஸ்தவராக விரும்புகிறது, எனவே ஒவ்வொரு குழுவுக்குள்ளும் தனித்தனியாகச் சபையை நாட்டினால் வேகமாக வளரும் என்றார். அவர் சொன்னது நடக்கும் உண்மை. திருநெல்வேலியின் சரித்திரமே அதற்கு ஆதாரம். வன்னிக்கு அதைப் பொருத்தினால் மலையகத்தாருக்கு ஒரு சபை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கு ஒன்று, கரையாருக்கு ஒன்று என்று ஆகும். ஓரளவு அப்படித்தான் ஆகியும் இருக்கிறது. இதை முழுதும் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலப்புச் சபை என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்டவரைப் பின்வரிசையில் இருத்தி, பாத்திரத்தைக் கடைசியாகக் கொடுத்த சரித்திரம் நம் ஆலயங்களுக்கு உண்டு. தமக்கென்று ஒரு கூரை கிடைத்தபோதுதான் அந்தச் சனம் முதன்முதலாக வேதம் வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் தலைமை தாங்கவும் பழகியது. ஆகவே தனிச் சபை பிறக்கலாம். ஆனால் அது அங்கேயே நின்றுவிட்டால், சாதி தேவாலயத்தையும் தன் வளவாக்கிக்கொள்ளும். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவரும் கடைசியில் இருப்பவரும் ஒரே அப்பத்தைப் பிட்கிற நாள் ஒன்று சபைக்குள்ளேயே வரவேண்டும். தண்ணீர்ப் பங்கீட்டில் அநியாயம் நடக்கும் ஊரில் இது உபதேசப் பிரச்சினை மட்டுமில்லை.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான ஆட்சேபம் சைவரிடமிருந்து வருகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுவதும் கிறிஸ்தவர் 8 சதவீதத்துக்கும் குறைவு. வன்னியின் தமிழரில் மிகப் பெரும்பாலோர் சைவர். 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற இந்து அமைப்பு தொடங்கியபோது மதமாற்றம் அதன் முதன்மைக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2019 மார்ச்சில் சிவராத்திரியை ஒட்டித் திருக்கேதீச்சரத்து அலங்கார வளைவு உடைக்கப்பட்டது தமிழர் எல்லோருக்கும் வெட்கம். கத்தோலிக்கருக்குக் கூடுதல் வெட்கம். இந்தக் கோபத்தை மதவெறி என்று ஒரே சொல்லில் தள்ளுபவர் வன்னியில் இப்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. முல்லைத்தீவில் குருந்தூர்மலை, நீராவியடிப் பிள்ளையார் கோயில், வவுனியா வடக்கில் வெடுக்குநாறிமலை: தொல்பொருள் என்றும் விகாரை என்றும் சைவரின் வழிபாட்டிடங்கள் ஒவ்வொன்றாக அவர்களின் கையைவிட்டுப் போகும் அச்சம் உண்மையானது. ஒரு பக்கம் மலை போகிறது, மறுபக்கம் பிள்ளை போகிறது என்று உணர்கிற தாய் தகப்பனிடம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையை மட்டும் காட்டுவது பதிலாகாது.

அதற்காக அந்த உறுப்புரையை விட்டுவிடவும் முடியாது. விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்று அது சொல்கிறது. பலவந்த மதமாற்றத் தடை மசோதா 2004இல் வந்தபோது அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் 2003இல் மென்சிங்கன் அருட்சகோதரிகளின் வழக்கில் அதே நீதிமன்றம் மதம் பரப்புவதை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை, ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் அந்தத் தீர்ப்பு அவர்களின் உரிமையை மீறியது என்றது. 2008 ஒக்டோபரில் புதிய வழிபாட்டிடங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று சுற்றுநிருபம் வந்தது. சிறு சபைகளை மூடச்சொல்ல எடுத்துக் காட்டப்படுவது பெரும்பாலும் அதுதான். சைவ நண்பர்களிடம் ஒன்று சொல்லவேண்டும்: இன்று ஒரு கொட்டகைச் சபையை நிறுத்த அழைக்கப்படும் அதிகாரி, நாளை உங்கள் மலைக்கோயிலுக்கு வரும் அதே அதிகாரி. சிறுபான்மையினர் ஒருவர்மீது ஒருவர் அரசின் கையை ஓங்கச் செய்தால் அந்தக் கை யாருக்காக ஓங்கப்பட்டது என்பதை மறந்துவிடும். கிறிஸ்தவ ஊழியரிடமும் ஒன்று: அடுத்தவர் தெய்வத்தைப் பேய் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் உரிமை சட்டத்தில் இருக்குமா என்று தேடாதீர்கள். மடுவுக்கு ஆண்டாண்டாகச் சைவரும் நேர்த்தி வைத்து வருகிறார்கள். முந்நூற்றைம்பது ஆண்டில் அந்தத் தலம் அவர்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டதில்லை. அதனால் அது சிறுத்தும் போகவில்லை.

காணிப் பிரச்சினையையும் சொல்லாமல் விடமுடியாது. குடியேற்றக் கிராமங்களின் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. அவற்றை நினைத்தபடி விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது. அப்படிப்பட்ட வளவில் வெளிநாட்டுப் பணத்தில் சீமெந்துக் கட்டடம் எழுப்பினால், சபைக்கு உறுதி இல்லை, காணிக்காரரின் வாரிசுகளுக்குள் சண்டை, பிரதேச சபையின் கடிதம், அயலாரின் மனு என்று ஒவ்வொன்றாக வரும். முதலில் சபை, கடைசியாகக் கட்டடம் என்ற பழைய ஒழுங்கு இங்கே ஞானம் மட்டுமில்லை, சட்டப் பாதுகாப்பும்கூட. இருக்கிற பங்குகளும் மெதடிஸ்த, தென்னிந்திய, ஆங்கிலிக்கத் திருச்சபைகளும் தங்கள் மண்டபங்களைச் சிறு சபைகளுக்குத் திறந்துவிட்டால், எத்தனையோ சண்டைகள் பிறக்கவே மாட்டா. ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பிறகு பூட்டியே கிடக்கும் ஆலயங்கள் எத்தனை!

ஊர்ச்சனமே தூக்கிச் சுமப்பதற்குக் கடைசியாக ஓர் அண்மைச் சாட்சி: கிளிநொச்சிக் கரைக்கு அப்பால் இரணைதீவு இருக்கிறது. 1992இல் அந்த மீனவச் சனம் பெயர்க்கப்பட்டு இரணைமாதாநகரில் தங்கவைக்கப்பட்டது. தீவைக் கடற்படை எடுத்துக்கொண்டது. 2017 மே மாதம் முதலாம் திகதி கொட்டகை போட்டுப் போராட்டம் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் யாரும் காணியைத் திருப்பித் தரவில்லை. 2018 ஏப்ரல் 23இல் பெண்களும் முதியவர்களுமாகப் படகுகளில் ஏறி, வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு, தாங்களாகவே தீவில் இறங்கினார்கள். குருமார் கூட இருந்தார்கள். ஆனால் அந்தப் பயணத்தை நடத்தியது சனம். கால் நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த ஆலயத்தில் செபித்துவிட்டு, அந்தச் சுற்றாடலிலேயே உலை வைத்தார்கள்.